ஆங்கில இலக்கணம் நாளை எவ்வாறு இருக்கும்?



'கோ – வென்ட் – கான்', 'ரைட் – ரோட் – ரிட்டன்' என்று மூன்று வரிசைகளாக எழுதி, உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்யாத பள்ளி தமிழ்நாட்டில் இருத்தல் அரிது. கமுதி வட்டாரத்தில் நெடுங்காலம் இப்பட்டியலைச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆண்டுதோறும் ஒரு மாணவனாவது எழுந்து நின்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'வாக்' என்பது 'வாக்ட்' ஆகிறது. 'ஜம்ப்' என்பது 'ஜம்ப்ட்' ஆகிறது. 'கோ' மட்டும் ஏன் தனக்குச் சிறிதும் உறவில்லாத 'வென்ட்' ஆகவேண்டும்?

கேள்வி நியாயமானதே. 'வென்ட்' என்பது 'கோ'வுக்குப் பிறந்த பிள்ளை அன்று. திரும்பிச் செல்லுதலைக் குறித்த வேறொரு பழைய வினையின் இறந்தகால வடிவம் அது. அவ்வினை நாளடைவில் வழக்குக் குன்றிப் போயிற்று. அதன் இறந்தகாலம் மட்டும் 'கோ'வின் வீட்டில் குடியேறி, வாடகையும் கொடாமல் உரிமையாளராகவே ஆகிவிட்டது. இலக்கண நூலில் நாம் விதிவிலக்கு என்று படிப்பவற்றுள் பெரும்பாலானவை இத்தகைய பழைய வரலாறுகளின் எச்சங்களே. அங்ஙனமாயின் இன்று நாம் விதி என்று படிப்பவை நாளை என்ன ஆகும்? இதைப் பற்றியே இன்று சற்றுச் சிந்திக்க எண்ணுகிறேன்.

இவ்வாராய்ச்சியில் வெறும் கற்பனைக்கே இடமுண்டு என்று கருதவேண்டா. கணக்கிட்டுச் சொன்னவர்களும் உளர். 2007-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் சிலர், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் வரலாற்றைத் தொடர்ந்து சென்று பார்த்தனர். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றுள் 145 வினைகளே ஒழுங்கற்றவையாக எஞ்சின. இன்று 98 மட்டுமே உள்ளன. மற்றவை 'எட்' என்னும் பொது ஈற்றை ஏற்று அடங்கிவிட்டன. உதவுதலைக் குறிக்கும் 'ஹெல்ப்' என்னும் வினைக்கு முன்னாளில் 'ஹோல்ப்' என்பதே இறந்தகாலம். இன்று அது 'ஹெல்ப்ட்'.

எந்த வினை எப்போது அடங்கும் என்பதற்கும் அவர்கள் ஓர் அளவு கண்டனர். மக்கள் நாவில் மிகுதியாகப் புழங்கும் வினை மெல்ல மாறும். அரிதாகப் புழங்குவது விரைந்து மாறும். ஒரு வினையைவிட மற்றொன்று 100 மடங்கு குறைவாகப் புழங்குமானால், அது 10 மடங்கு விரைவாக ஒழுங்குக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் முதற் பத்து வினைகளும் இன்றுவரை ஒழுங்கற்றவையாகவே நிற்பதன் காரணம் இதுவே. நாள்தோறும் நூறு முறை கேட்கும் வடிவத்தை எவரும் மறப்பதில்லை. என்றோ ஒருநாள் கேட்கும் சொல்லுக்கு வடிவம் நினைவில் இராதபோது, பேசுபவன் பொது விதியைக் கொண்டு ஒட்டுப்போட்டுக் கொள்கிறான். தமிழிலும் வா – வந்தான், தா – தந்தான், காண் – கண்டான் என்று வடிவம் திரிந்து நிற்பவை யாவை என்று எண்ணிப் பாருங்கள். யாவும் அன்றாட வாழ்வின் வினைகளே.

அடுத்து அடங்கப்போகும் வினை எது என்றும் அவ்வாய்வாளர் குறித்தனர். மணம் புரிதலைச் சொல்லும் 'வெட்' என்பதே அது. மாற்றமின்றி 'வெட்' என்றே இறந்தகாலத்திலும் நின்ற அது, 'வெட்டெட்' ஆகிக்கொண்டு வருகிறது. ஆனால் இந்தக் கணக்கு ஒரு போக்கைச் சொல்லுமேயன்றி ஒவ்வொரு சொல்லின் தலையெழுத்தையும் சொல்லாது. அமெரிக்காவில் 'ஸ்னீக்' என்னும் ஒழுங்கான வினை, 'ஸ்னீக்ட்' என்பதை விட்டு 'ஸ்னக்' என்று ஒழுங்கற்ற பக்கத்துக்குத் தாவியிருக்கிறது. மொழி ஒருவழிப் பாதை அன்று. எங்கள் ஊர்க் குண்டாற்றைப் போல, பல ஆண்டு ஒரே தடத்தில் கிடந்து, ஒரு வெள்ளத்தில் வேறு கரையை அறுப்பதும் உண்டு.

வருங்காலத்தைச் சொல்லப் புகுந்து பிழைபட்ட பேரறிஞரும் உளர். ஹென்றி ஸ்வீட் என்பவர் ஆங்கில ஒலியியலின் தந்தையர்களுள் ஒருவர். 1877-இல் அவர், இன்னும் ஒரு நூற்றாண்டில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஒன்றுக்கொன்று விளங்காத மொழிகளைப் பேசும் என்று எழுதினார். அவர் எண்ணியதில் தவறில்லை. இலத்தீன் மொழி அவ்வாறுதானே பிரெஞ்சாகவும் ஸ்பானியமாகவும் இத்தாலியமாகவும் பிரிந்தது? ஆயினும் 1977 வந்தது, சென்றது, அம்மூன்று நாட்டாரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு நகைத்தார்களேயன்றி விளங்காமல் திகைக்கவில்லை. அச்சும் தந்தியும் கப்பலும் இருந்தன. பின்னர்த் திரைப்படமும், இன்று என் குரலை உங்களிடம் சேர்க்கும் வானொலியும் வந்தன. ஸ்வீட் ஒலிகளை நன்கு அறிந்தவர். கம்பியில்லாக் கருவியை அவர் எவ்வாறு அறிவார்?

ஆதலின் நான் ஆரூடம் கூறப் போவதில்லை. ஏற்கெனவே தொடங்கிவிட்ட மாற்றங்கள் சிலவற்றைக் காட்டி, நம் தமிழ் அதே வழியில் முன்னரே நடந்து சென்றிருப்பதைச் சொல்லப் போகிறேன். ஆங்கிலத்தின் வருங்காலம் சிலவிடங்களில் தமிழின் கடந்தகாலமாக இருப்பது வியப்பானது.

முதலில் பதிலிப்பெயர்களை நோக்குவோம். ஆங்கிலத்தில் முன்னாளில் ஒருவனை அழைக்க 'தௌ', பலரை அழைக்க 'யீ', 'யூ' என்று வேறுபாடு இருந்தது. மதிப்புக்குரிய ஒருவரைப் பன்மையால் அழைக்கும் பழக்கம் பரவவே, 'யூ' தனியொருவருக்கும் வந்தது. மதிப்புக் கொடாமல் பேசுகிறான் என்ற பழிக்கு அஞ்சி, எல்லாரும் எல்லாரையும் 'யூ' என்றனர், 'தௌ' மறைந்தது. தமிழில் நடந்ததும் இதுவே, ஒரு வேறுபாட்டோடு. நீ என்பது ஒருமை. நீர் என்பது பன்மை. 'நீர்' மதிப்பொருமை ஆயிற்று. பன்மைக்குச் சொல் வேண்டியிருந்ததால் 'கள்' சேர்த்து 'நீங்கள்' என்றோம். சில நாளில் அதுவும் மதிப்பொருமை ஆகிவிட்டது! இப்போது உண்மையாகவே பலரை அழைக்கவேண்டுமானால் என்ன சொல்கிறோம்? 'நீங்க எல்லாரும்' என்கிறோம். அமெரிக்காவின் தென்பகுதியாரைக் கேளுங்கள். அவர்கள் 'யூ ஆல்' என்பதைச் சுருக்கி 'யால்' என்கிறார்கள். அயர்லாந்திலும் லிவர்பூலிலும் 'யூஸ்' என்பர். இழந்துவிட்ட பன்மையை ஆங்கிலம் மீண்டும் செய்துகொள்ள முயல்கிறது. இலக்கண நூலார் இன்னும் இவற்றை வாயிற்படியில் நிறுத்தியே வைத்திருக்கின்றனர். அவை ஒருநாள் உள்ளே வரும் என்பது என் எண்ணம். தேவை இருக்கிறது, ஆதலின் வரும்.

இதனினும் பெரிய மாற்றம் படர்க்கையில் நிகழ்கிறது. ஆணோ பெண்ணோ என்று தெரியாத ஒருவரைக் குறிக்க ஆங்கிலத்துக்குச் சொல் இல்லை. 'ஒவ்வொரு மாணவனும் தன் புத்தகத்தைக் கொண்டுவருக' என்னுமிடத்தில் 'ஹிஸ்' என்பதா, 'ஹெர்' என்பதா? 1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றி, சட்டங்களில் வரும் ஆண்பாற்சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்று விதித்தது. மக்களோ அதைப் பொருட்படுத்தவில்லை. 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே அவர்கள் இத்தகைய இடங்களில் 'தே' என்னும் பன்மைச் சொல்லை ஒருமைக்கு வழங்கி வந்திருக்கின்றனர். பள்ளியாசிரியர்கள் சிவப்பு மையால் அடித்தார்கள், சொல் சாகவில்லை. 2019-இல் அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியார், 'தே' என்பதையே அவ்வாண்டின் சொல்லாக அறிவித்தனர். ஆண் என்றோ பெண் என்றோ தம்மைக் குறிக்க விரும்பாத ஒருவரைக் குறிக்கவும் இன்று அது ஏற்கப்பட்டுள்ளது.

பன்மைச் சொல் ஒருவரைக் குறிக்கலாமா என்று இங்கிலாந்தில் வாதிடுவோரைக் காணும்போது, நம் நாட்டுப் பிள்ளை நகைக்கலாம். 'அவர்' என்பது தமிழில் பலர்பால். 'ஆசிரியர் வந்தார், அவர் அமர்ந்தார்' என்கிறோமே, எத்தனை பேர் வந்தார்கள்? ஒருவர்தாம். ஆணா, பெண்ணா? சொல்லவில்லை, சொல்லவேண்டியதும் இல்லை. பின்னர் 'அவர்' ஒருமையாகிவிடவே 'அவர்கள்' என்று பன்மைமேற் பன்மை செய்தோம். தொல்காப்பியர் 'கள்' ஈற்றை அஃறிணைக்கே உரியதாக்கினார். திருக்குறளிலோ 'மற்றையவர்கள்', 'பூரியர்கள்' என்னும் சொற்களில் அது உயர்திணை வாயிலைக் கடந்துவிட்டது. இன்று எங்கள் இராமநாதபுரச் சீமையில், வீட்டிலிருக்கும் ஒருவரைக் குறித்து 'அவுக வந்தாக' என்போம். இரட்டைப் பன்மை ஈறு தேய்ந்து, ஒரே ஒருவரைச் சுட்டி நிற்கிறது! ஒரு வேற்றுமை மட்டும் நினைவிற் கொள்க. நம் 'அவர்' மதிப்பினால் பிறந்தது. ஆதலின் சிறு குழந்தையை நாம் அவ்வாறு சொல்வதில்லை. ஆங்கிலத்தின் 'தே' மதிப்பைப் பற்றியது அன்று, யாருக்கும் பொது. அவ்வகையில் அது நம்மைவிட ஓரடி முன்னே செல்லக்கூடும்.

எதிர்காலத்தைச் சொல்லும் முறையும் மாறி வருகிறது. 'வில்' என்பதற்கு ஆதியில் விரும்புதல் என்பதே பொருள். விரும்புவது பின்னர் நடக்கும் ஆதலால் அது காலங்காட்டியாயிற்று. இப்போது 'கோயிங் டு' அதன் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டது. விரைந்த பேச்சில் அது 'கனா' என்று சுருங்கிவிட்டது. நாமும் 'மழை பெய்யப் போகிறது' என்கிறோம். மழை எங்கே போகிறது? எங்கும் போகவில்லை, நடந்து செல்லுதலைக் குறித்த வினை காலத்தைக் காட்டும் துணைவினை ஆயிற்று. தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே உவமையைக் கண்டுபிடித்தது அழகு. இன்னும் சில நூற்றாண்டில் 'கனா' வினையோடு ஒட்டி, முன்னொட்டாகவே நின்றுவிடலாம். தேய்ந்து ஒட்டுதல் மொழிகளின் இயல்பு. 'வந்து கொண்டு இருக்கிறான்' என்ற மூன்று சொற்கள் எங்கள் பக்கத்துப் பேச்சில் 'வந்துகிட்டிருக்கான்' என்று ஒரே மூச்சாகிவிட்டதைக் காண்கிறோம் அல்லவா?

'ஹூம்' என்பதைப் பற்றி அதிகம் பேசவேண்டுவதில்லை. அது பேச்சில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. முன்னிடைச் சொல்லை அடுத்து வருமிடத்தில் இன்னும் சிறிது காலம் வாழும்.

இனி நம்மை நேரே தொடுவதற்கு வருகிறேன். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர் ஏறத்தாழ 2.6 இலட்சம் பேரே. இரண்டாம் மொழியாகச் சொன்னவர் ஏறத்தாழ 8.3 கோடி, மூன்றாம் மொழியாகச் சொன்னவர் 4.6 கோடி. உலகம் முழுவதும் பார்த்தாலும், ஆங்கிலத்தைக் கற்றுப் பேசுபவரே பிறப்பால் பேசுபவரினும் மிகுதி. அவ்வாறிருக்க, இலக்கணத்தின் வருங்காலம் இலண்டனில் மட்டும் முடிவாகுமா?

நம்மவர் ஆங்கிலத்தில் நகைக்கப்படுபவை சிலவற்றை எடுத்துக்கொள்வோம். 'யூ வில் கம், இஸின்ட் இட்?' என்கிறோம். மரபான ஆங்கிலத்தில் 'வோன்ட் யூ?' என்று, முன்வந்த வினைக்கும் எழுவாய்க்கும் ஏற்ப வினாவை மாற்றவேண்டும். தமிழில் 'அல்லவா' என்ற ஒன்றே எல்லா இடத்துக்கும் போதும். ஆகையால் நம் நாவு 'இஸின்ட் இட்' என்பதையே எங்கும் வைக்கிறது. பிழைதான். ஆனால் பிரெஞ்சிலும் இத்தகைய வினா மாறாமல் ஒன்றேயாக நிற்கும். அதுமட்டுமன்று, இலண்டன் நகரத்து இளைஞர்களே இன்று 'இனிட்' என்ற ஒரே வடிவத்தை எல்லா வாக்கியங்களின் ஈற்றிலும் வைத்துப் பேசுகின்றனர். அவர்களும் நாமும் வேறு வேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறோம்.

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பன மற்றொரு வகை. அறிதல், உடைமை முதலிய நிலைகளைக் குறிக்கும் வினைகளுக்கு 'இங்' வடிவம் பொருந்தாது என்பது விதி. ஆனால் 'இங்' வடிவத்தின் வரலாறே ஆக்கிரமிப்பின் வரலாறு. சேக்ஸ்பியர் காலத்தில், 'நீ என்ன படித்துக்கொண்டிருக்கிறாய்?' என்னும் பொருளுக்கு எளிய நிகழ்காலமே போதுமாயிருந்தது. வீடு கட்டப்பட்டுக் கொண்டிருக்கிறது என்னும் பொருளில் 'இஸ் பீயிங் பில்ட்' என்பது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகுந்தபோது, இலக்கணப் புலவர்கள் அதைக் கொடிய பிழை என்று 19-ஆம் நூற்றாண்டு நெடுகக் கண்டித்தனர். இன்று அதைச் செயப்பாட்டு வினைப் பாடத்தில் வாய்பாடாக வைத்து நாம் மதிப்பெண் கொடுக்கிறோம்! 'லவ்' என்னும் வினையை 'இங்' சேர்த்து விளம்பர வாசகமாக உலகெங்கும் எழுதி வைத்திருக்கிறது மெக்டொனால்ட்ஸ் என்னும் அமெரிக்க உணவகம். 2003-இல் தொடங்கிய அவ்வாசகத்தைப் பார்த்து எவரும் நகைக்கவில்லை. கமுதி மாணவன் நேர்முகத் தேர்வில் அதே அமைப்பைச் சொன்னால் மட்டும் நகைப்பு எழுகிறது. இதில் இலக்கணத்தைவிட, சொல்பவன் யார் என்பதே பெரிதாக எண்ணப்படுகிறது என்று நான் கருதுகிறேன். மானாவாரி நிலத்து வீடுகளிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள், ஒரு 'இங்' விகுதிக்கு அஞ்சி வாயே திறவாமல் திரும்பி வருவதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். பிழையைவிட அம்மௌனத்தின் நட்டம் பெரிது.

'ஃபர்னிச்சர்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று பன்மை சேர்ப்பதும் அத்தகையதே. பழைய ஆங்கிலேயரும் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதியதுண்டு. அஞ்சலைக் குறிக்கும் 'மெயில்' எண்ணப்படாத பெயர். ஆனால் மின்னஞ்சல் வந்தபின் 'ஈமெயில்ஸ்' என்று எல்லாரும் எண்ணத் தொடங்கிவிட்டனர். அவ்வெல்லை தளர்ந்துகொண்டே போகும்.

வினைமுற்றில் எஞ்சி நிற்கும் ஒற்றை எழுத்தாகிய 'எஸ்' என்ன ஆகும்? 'ஹி கோஸ்', 'ஷி சிங்ஸ்' என்பவற்றில் வருவது அது. ஒரு காலத்தில் இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப ஈறுகள் பல இருந்தன. படர்க்கை ஒருமைக்குத் தென்னிங்கிலாந்தில் 'எத்' வழங்கிற்று. வடக்கிலிருந்து வந்த 'எஸ்' அதை 17-ஆம் நூற்றாண்டுக்குள் துரத்திவிட்டது. இங்கிலாந்தின் கிழக்கேயுள்ள நார்ஃபோக் வட்டாரத்தார் அதையும் விட்டு 'ஹி கோ' என்றே பேசி வந்தனர். சிங்கப்பூர்ப் பேச்சு வழக்கிலும் அது நழுவுகிறது. எழுவாயே இடத்தைக் காட்டிவிடுவதால் இவ்வீற்றுக்கு வேலை ஏதும் இல்லை. வேலையற்ற உறுப்பு தேயும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவிய நாள்முதல், எழுத்து பேச்சைப் பிடித்து நிறுத்தி வருகிறது. இன்று கணிப்பொறியும் 'எஸ்' விடுபட்டால் உடனே கோடு போட்டுக் காட்டுகிறது. ஆகவே பேச்சில் அது தளர்ந்தாலும், எழுத்தில் நெடுநாள் நிற்கும்.

பள்ளியும் அச்சும் இல்லாதவிடத்து ஆங்கிலம் என்ன ஆகும் என்பதற்குச் சான்று வேண்டுமானால், பாப்புவா நியூகினி நாட்டின் 'டோக் பிசின்' மொழியைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் குவீன்ஸ்லாந்து, சமோவா ஆகிய இடங்களின் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மெலனேசியத் தொழிலாளர், தமக்குள் பொதுமொழி இல்லாமையால் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு ஒரு பேச்சை ஆக்கிக்கொண்டனர். இங்கே மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களுக்கு அத்தேவை எழவில்லை. அவர்கள் கூட்டமாகத் தமிழையே உடன்கொண்டு சென்றனர். நியூகினியிலோ 800-க்கு மேற்பட்ட மொழிகள். அப்பொதுப்பேச்சு இன்று ஆட்சிமொழிகளுள் ஒன்று; நகரங்களில் குழந்தைகளுக்கு அதுவே தாய்மொழி.

அதன் இலக்கணம் ஆங்கிலத்தின் பேரப்பிள்ளை போன்றது. முகம் தெரிகிறது, குணம் வேறு. 'பை அண்ட் பை' என்பது தேய்ந்து 'பாய்' என்னும் எதிர்காலக் குறி ஆயிற்று. 'ஹிம்' என்பது 'இம்' என்று வினையில் ஒட்டி, செயப்படுபொருள் குன்றா வினையைக் காட்டுகிறது. பார்த்தலைக் குறிக்க 'லுக்கிம்' என்பர். எல்லாவற்றிலும் நமக்கு வியப்பூட்டுவது ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'வீ' என்று சொன்னால், கேட்பவர் அதில் சேர்ந்தாரா இல்லையா என்று தெரியாது. தமிழில் நாம், நாங்கள் என்று தெளிவாகப் பிரிக்கிறோம். 'டோக் பிசின்' தன் அண்டை மொழிகளின் வழக்கைப் பின்பற்றி அவ்வேறுபாட்டைச் செய்துகொண்டது. 'யூ', 'மீ' இரண்டும் சேர்ந்த 'யுமி' என்றால் நாம். 'மீ'யும் 'ஃபெல்லோ'வும் சேர்ந்த 'மிபெலா' என்றால் நாங்கள். இலண்டன் ஆங்கிலத்துக்கு இல்லாத நுட்பத்தை அதன் ஏழைப் பேரன் பெற்றிருக்கிறான்.

இவ்வளவும் கேட்டபின், 'ஐயா, அப்படியானால் தேர்வில் எவ்வாறு எழுதுவது?' என்று சில மாணவர்கள் கேட்பீர்கள். படர்க்கை ஒருமைக்கு 'எஸ்' இடுக. 'ஐ நோ' என்றே எழுதுக. வினாவின் ஈற்றில் 'வோன்ட் யூ' வருமிடத்தில் அதையே வைக்க. விடைத்தாளைத் திருத்துபவர் இன்றைய இலக்கணத்தைக் கொண்டு திருத்துவாரேயன்றி, 2200-ஆம் ஆண்டு இலக்கணத்தைக் கொண்டு திருத்தமாட்டார். 'தே' என்பதை ஒருமைக்கு எழுதலாமா என்றால், உங்கள் ஆசிரியரைக் கேட்டுக்கொண்டு எழுதுக. பழைய தலைமுறையாருள் சிலர் இன்னும் சிவப்பு மையோடுதான் இருக்கிறார்கள். 'வெட்' என்னும் வினைக்கு மட்டும் கவலை வேண்டா. 'வெட்', 'வெட்டெட்' ஆகிய இரு வடிவங்களையும் அகராதிகள் இப்போது ஏற்கின்றன. எதை எழுதினும் மதிப்பெண் உண்டு.